நாற்பது சதவிகிதக் கால்

பெரியப்பா காரியம் முடிந்து சொந்தங்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, பெரியம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். உள்ளே பத்திரம், ரேஷன் கார்டு, எப்போதோ செத்துப்போன மாட்டின் இன்சூரன்ஸ் காகிதம், அதற்கும் கீழே சிவப்பு நாடா போட்டுக் கட்டிய ஒரு கேஸ் கட்டு. "இத நீயே வச்சுக்க சாமி, நாங்க வச்சு என்ன பண்றது" என்றார்.

பெரியப்பா சைக்கிளில் பால் ஊற்றியவர். கேரியரின் இரண்டு பக்கமும் கேன், ஹேண்டில்பாரில் ஒரு தூக்குப்போசி. 1996 டிசம்பரில் ஒரு விடிகாலை, ஊருக்கு வெளியே திருப்பத்தில் அரசு பஸ் ஒன்று அவரை இடித்தது. இடது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. கம்பி வைத்துக் கட்டினார்கள். கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகக் கூடியது, முட்டி முழுதாக மடங்கவில்லை. அப்போது அவருக்கு 43 வயது, நான் பள்ளிக்கூடப் பையன். எனக்கு நினைவிருப்பதெல்லாம் சாலையோரப் புழுதியில் பால் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்த ஒரு திட்டு மட்டும்தான்.

கட்டில் இருந்தவை: எஃப்.ஐ.ஆர். நகல், பார்வை மகஜர், போலீஸ் வரைந்த மாதிரி வரைபடம், காயச் சான்றிதழ், எம்.வி.ஐ. ரிப்போர்ட், டாக்டர் கொடுத்த ஊனச் சான்றிதழ், தீர்ப்பு நகல், கடைசியாக ஒரு செக் பெட்டிஷன். வரைபடத்தில் பஸ் அம்புக்குறியோடு ஒரு செவ்வகம். பெரியப்பாவும் சைக்கிளும் சேர்ந்து ஒரே ஒரு பெருக்கல் குறி. எம்.வி.ஐ. ரிப்போர்ட்டில் பஸ்ஸின் பிரேக், ஸ்டியரிங், டயர் எல்லாவற்றுக்கும் ஒரு வரி உண்டு. சைக்கிளைப் பற்றி ஒரு சொல் கிடையாது. சைக்கிள் மோட்டார் வாகனம் இல்லையே.

ஊனச் சான்றிதழ் சொன்ன எண் 40 சதவிகிதம். தீர்ப்பின் கடைசிப் பக்கம் அதை வைத்து இப்படிக் கணக்குப் போட்டிருந்தது. நிரந்தர ஊனத்துக்கு, ஒரு சதவிகிதத்துக்கு ஆயிரம் வீதம் 40,000. வலி, வேதனைக்கு 10,000. மருத்துவச் செலவு, பில் இருந்த அளவுக்கு, 14,000. ஆறு மாத வருமான இழப்பு, மாதம் 1,500 வீதம் 9,000. போக்குவரத்து, ஊட்டச்சத்து 3,000. சைக்கிள், துணிமணி சேதம் 1,000. மொத்தம் 77,000. அதில் மனுதாரருடைய கவனக்குறைவுக்காகக் கால் பங்கு கழிவு. மீதி 57,750 ரூபாய், மனுத் தேதியிலிருந்து 9 சதவிகித வட்டியுடன்.

எழுதப் பழகிய நாளிலிருந்து பிறர் எழுதிய கோடை வாசிப்பதுதான் என் பிழைப்பு. வினோதமான ஒரு வரி கண்ணில் பட்டால் அதை எழுதியவனை நான் உடனே திட்டுவதில்லை, அந்த வரி எந்தக் காலத்தில் என்ன காரணத்துக்காக உள்ளே வந்தது என்று தேடிப் போவேன். இந்தத் தீர்ப்பையும் அப்படித்தான் வாசிக்க ஆரம்பித்தேன். ஒரு சதவிகிதக் கால் ஏன் ஆயிரம் ரூபாய்? கால் பங்கு ஏன் கழிந்தது? ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு நூற்றாண்டுக்கு இழுத்துக்கொண்டு போனது.

*

முதலில் போய் நின்ற இடம் 1808, லண்டன். ஒரு கோச்சு வண்டி கவிழ்கிறது. கணவன், மனைவி இருவரும் அதில் இருந்தவர்கள். கணவனுக்குச் சிராய்ப்பு, மனைவி ஏறக்குறைய ஒரு மாதம் படுக்கையில் கிடந்து இறந்துபோகிறாள். கணவன் வழக்குப் போடுகிறான். பேக்கர் எதிர் போல்டன் என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிற வழக்கு. நீதிபதி எல்லன்பரோ பிரபு சொன்னதன் சாரம், ஒரு மனிதனின் சாவை சிவில் கோர்ட்டில் நஷ்டமாகக் காட்டி முறையிட முடியாது என்பது. ஆகவே கணவனுக்குக் கிடைத்தது தன் சிராய்ப்புக்கும், மனைவி உயிரோடு கிடந்த அந்த ஒரு மாதத்துக்கும் மட்டும். அவள் செத்த நிமிடத்தோடு கணக்கு மூடப்பட்டது.

அதாவது ஒருவனுடைய காலை முறித்தால் நஷ்ட ஈடு தர வேண்டும், ஆளையே கொன்றுவிட்டால் தர வேண்டியதில்லை. நம் ஊரில் டீக்கடையில் லாரிக்காரர்களைப் பற்றி ஒரு கொடூரமான பேச்சு உண்டு, இடிச்சா முழுசா இடிச்சிரணும் என்று. அந்தப் பேச்சு இங்கிலாந்தில் ஏறத்தாழ நாற்பது வருஷம் சட்டமாகவே இருந்திருக்கிறது. ரயில் வந்து, விபத்தில் கும்பலாக ஆட்கள் சாக ஆரம்பித்த பிறகு, 1846-இல் கேம்பெல் பிரபு கொண்டுவந்த சட்டம் அதை மாற்றியது. இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் ஓடியது 1853. கேம்பெல் சட்டத்தின் இந்திய வடிவமான மரண விபத்துச் சட்டம் வந்தது 1855.

அடிபட்டுப் பிழைத்தவனுக்கு இந்தப் புதுச் சட்டம் தேவைப்படவில்லை. அவன் பழைய பொதுச் சட்டப்படியே சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். போக முடியுமா என்பதுதான் கேள்வி. கேட்கிற தொகைக்கு ஏற்ப கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். எவ்வளவு பெரிய காயமோ அவ்வளவு பெரிய கட்டணம். காலை இழந்தவன் அந்தக் காலின் மதிப்பில் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டிவிட்டு, தப்பு எதிராளியுடையதுதான் என்று தானே நிரூபித்து, வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஜெயித்தாலும் வண்டிக்காரனிடம் பணம் இருந்தால்தான் உண்டு.

பணம் இருப்பதை உறுதி செய்ய வந்ததுதான் கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு. பிரிட்டனில் 1930-இலேயே வந்துவிட்டது. இந்தியாவில் 1939 மோட்டார் வாகனச் சட்டத்தின் எட்டாவது அத்தியாயமாக எழுதிவைத்தார்கள், ஆனால் அந்த அத்தியாயம் அமலுக்கு வந்தது 1946 ஜூலை 1-இல்தான்.

அடுத்த வருஷமே எங்கள் பக்கத்தில் ஒரு விபத்து. 1947 செப்டம்பரில் தாராபுரத்திலிருந்து பழனிக்குப் போன தனியார் பஸ், பழனியை நெருங்கும்போது சாலையை விட்டு விலகி, ஒரு கல்லில் மோதி, புளியமரத்தில் இடித்தது. அடிபட்ட ஒருவர் சில நாளில் இறந்துபோனார். அவர் குடும்பம் போட்ட வழக்கு சப் கோர்ட், ஹைகோர்ட் எல்லாம் ஏறி உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது 1962-இல். கோபால்டு மோட்டார் சர்வீஸ் வழக்கு என்றால் இந்தியா முழுக்க வக்கீல்களுக்குத் தெரியும், இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு அதை இன்றும் மேற்கோள் காட்டுவார்கள். அந்தச் சாலையில் நான் எத்தனையோ தடவை பழனிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறேன், இரண்டு பக்கமும் புளியமரங்களைப் பார்த்துக்கொண்டு, இதெல்லாம் தெரியாமல்.

பதினைந்து வருஷம்! அது பஸ் முதலாளியோடு மோதத் தெம்பு இருந்த குடும்பம். சைக்கிள்காரன் என்ன செய்திருப்பான்? கட்டு அவிழ்த்ததும் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போயிருப்பான், வேறென்ன.

*

1956-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110 என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மாநில அரசுகள் விபத்து இழப்பீட்டுக்கென்றே தனித் தீர்ப்பாயம் அமைக்கலாம், சொற்பக் கட்டணம், எளிய நடைமுறை. பெரியப்பாவின் கட்டில் 'எம்.சி.ஓ.பி.' என்று ஆரம்பிக்கிற எண் அந்தப் பிரிவின் வழித்தோன்றல்தான். என்னைக் கேட்டால் சுதந்திர இந்தியாவில் ஏழைகளுக்கு நிஜமாகவே திறந்த கோர்ட் கதவு என்று சொல்லத்தக்கவை கொஞ்சம்தான், அதில் இது ஒன்று. வக்கீலுக்கு முன்பணம் இல்லை, வந்தால் பங்கு என்று வாய்ப்பேச்சாக ஒப்பந்தம் நடக்கும். வக்கீல் தன் கட்டணத்தை வழக்கின் முடிவோடு கட்டக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. விதி விதிபாட்டுக்கு இருக்கும். அந்த விதி கறாராக நடந்திருந்தால் பெரியப்பா மாதிரி ஆட்கள் பாதிப்பேர் கோர்ட் வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

ஆனால் கதவு திறந்தாலும் உள்ளே இருந்தது பழைய சட்டம்தான். தப்பு யாருடையது? நிரூபி. டிரைவர் கவனக்குறைவாக ஓட்டினார் என்று காட்டினால்தான் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் மினு மேத்தா வழக்கில் திட்டவட்டமாகச் சொன்னது. விடிகாலை நாலரை மணிக்கு ஆளில்லாத சாலையில் இடிபட்டு மயங்கிக் கிடந்தவன் எதை நிரூபிப்பான்?

1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். தமிழ்நாட்டு வழக்குதான், என்.கே.வி. பிரதர்ஸ் எதிர் கருமாயி அம்மாள். இரவில் ஓடிய ஒரு தனியார் பஸ், தொங்கிக்கொண்டிருந்த உயரழுத்த மின்கம்பியில் உரசி ஆட்கள் இறந்தார்கள். கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலை. அப்படியானால் இழப்பீடு எப்படித் தர முடியும் என்று முதலாளி தரப்பு கேட்டது. கிருஷ்ணய்யர் சொன்னதன் சாரம் இது: ஜெயிலுக்கு அனுப்பத் தேவைப்படும் குற்றக் கவனக்குறைவு வேறு, பணம் கொடுக்கத் தேவைப்படும் கவனக்குறைவு வேறு, முன்னதில் தப்பித்ததால் பின்னதிலும் தப்பித்ததாகிவிடாது. அங்கே ஒரு சந்தேகம், இங்கே ஒரு நுணுக்கம் என்று பிடித்துக்கொண்டு முதலாளிகளையும் டிரைவர்களையும் தப்பவிடக்கூடாது என்று தீர்ப்பாயங்களுக்கும் புத்தி சொன்னார். சின்னத் தீர்ப்புதான். நாலு பக்கம்கூட வராது. பெரியப்பா வழக்கிலும் டிரைவர் கிரிமினல் கோர்ட்டில் விடுதலையானார், கழகத்து வக்கீல் அதைப் பெரிதாக எடுத்து வாதாடினார், தீர்ப்பாயம் கருமாயி அம்மாள் வழக்கைக் குறிப்பிட்டு ஒரே பத்தியில் அதைத் தள்ளிவிட்டது. யாரென்றே தெரியாத அந்தப் பெண்மணி எங்கள் வீட்டுக்குச் செய்த உதவி அது.

கிருஷ்ணய்யரும் வேறு சில நீதிபதிகளும் திரும்பத் திரும்ப வற்புறுத்தியதில், 1982-இல் தப்பு யாருடையதென்று பார்க்காமல் தரும் இழப்பீடு சட்டத்துக்குள் வந்தது. சாவுக்கு 15,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500. 1988-இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் அதை 25,000, 12,000 ஆக்கியது. 1994 திருத்தம் 50,000, 25,000 ஆக்கியது. வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் முதலிலேயே வாங்கிக்கொள்ளும் பணம் இது. பெரியப்பா அந்த 25,000-க்குத் தனியாக மனுப் போட்டிருக்கலாம். போட்டதற்கான அடையாளம் கட்டில் எங்கும் இல்லை. ஆபரேஷன் கடனுக்கு வட்டி கட்டப் பெரியம்மா தோட்டை விற்ற மாசத்தில் அந்தப் பணம் வந்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

1994 திருத்தத்தில் வேறொரு காரியம் நடந்தது. அதுவரை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், தகுந்த காரணம் காட்டினால் ஒரு வருஷம்வரை நீளும். அந்தக் கெடுவையே எடுத்துவிட்டார்கள். பெரியப்பா மனுத் தாக்கல் செய்தது 1997 ஆகஸ்டில், எட்டாவது மாதம். அதுவரை அவர் படுக்கையைவிட்டு எழவில்லை. கெடு இல்லாததால் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 2019 திருத்தம் அந்த ஆறு மாதக் கெடுவைத் திரும்பக் கொண்டுவந்து, 2022 ஏப்ரல் 1 முதல் அமலாக்கியிருக்கிறது. இந்தமுறை காரணம் காட்டி நீட்டுகிற வாசகமும் கிடையாது. போலீஸே விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பிவிடும், அதையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம், ஆகவே கெடுவால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. தொடை எலும்பு உடைந்து படுத்திருப்பவனுக்கு ஆறு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று அதை எழுதியவருக்குத் தெரியுமா என்பது என் சந்தேகம்.

*

கழிக்கப்பட்ட அந்தக் கால் பங்குக்கு வருகிறேன்.

குறுக்கு விசாரணை நகலில் கேள்விகள் இப்படிப் போகின்றன. விபத்து நடந்தபோது இருட்டாக இருந்ததா? இருந்தது. உங்கள் சைக்கிளில் டைனமோ விளக்கு இருந்ததா? இருந்தது. எரிந்ததா? பெரியப்பா சொன்ன பதில் டைப் அடிக்கப்பட்டிருக்கிறது: பால் ஏற்றினால் மிதிக்கக் கனமாக இருக்கும், அதனால் டைனமோவைத் தட்டிவிட மாட்டேன், அந்த ரோடு எனக்கு மனப்பாடம்.

சைக்கிள் ஓட்டிய தலைமுறைக்கு இது விளங்கும். டைனமோவின் உருளை டயரில் உரசினால்தான் விளக்கு எரியும், உரசினால் வண்டி இழுக்கும். இரண்டு பால் கேனோடு எதிர்காற்றில் மிதிக்கிறவன் வெளிச்சத்தைக் காலால்தான் உற்பத்தி செய்ய வேண்டும். அந்தக் காலைப் பற்றிய வழக்கிலேயே அது அவருக்கு எதிராக முடிந்தது. குமாஸ்தா பின்னாளில் பெரியம்மாவிடம் சொன்னாராம், "எரிஞ்சுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லீருந்தா முடிஞ்சு போச்சுங்க, யாரு பாத்தா?" அவர் அப்படிப் பொய் சொல்லக்கூடிய ஆள் இல்லை. பாலில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார், அது வேறு.

காயம்பட்டவனுடைய தப்பையும் எடை போடும் இந்த வழக்கத்துக்கும் வேர் அதே எல்லன்பரோ பிரபுவிடம்தான் போகிறது. 1809-இல், பேக்கர் வழக்குக்கு அடுத்த வருஷம், டெர்பி நகரில் ஒருவர் வீட்டு வேலைக்காகச் சாலையில் ஒரு கழியைக் குறுக்கே போட்டிருந்தார். பொழுது சாய்கிற நேரத்தில் வேகமாகக் குதிரையில் வந்தவர் அதில் தடுக்கி விழுந்து அடிபட்டார். கழி போட்டது தப்புதான். ஆனால் வந்தவர் கவனமாக வந்திருந்தால் பார்த்திருக்கலாம், ஆகவே அவருக்கு ஒரு காசும் இல்லை என்று முடிந்தது. தன் பக்கம் துளித் தப்பு இருந்தால் முழுதும் போச்சு என்பது விதி. இதன் கொடுமையைச் சமாளிக்க நீதிபதிகள் சந்துபொந்து தேடினார்கள். 1842-இல் ஒருவர் தன் கழுதையின் முன்னங்கால்களைக் கட்டிச் சாலையில் மேயவிட்டிருந்தார், விரைந்து வந்த வண்டி அதை ஏற்றிக் கொன்றது. கழுதைக்காரர் செய்தது தப்பு, ஆனாலும் கடைசி நொடியில் விபத்தைத் தவிர்க்கும் வாய்ப்பு வண்டிக்காரனிடம்தான் இருந்தது, ஆகவே அவனே பொறுப்பு என்று முடிவானது. பங்கு பிரித்துக் கழிக்கும் முறையை பிரிட்டன் சட்டமாக்கியது 1945-இல். இந்தியாவில் அதற்கென்று தனிச் சட்டம் எதுவும் வரவில்லை, கோர்ட்டுகள் அந்த நியாயத்தை எடுத்துப் பழக்கமாக்கிக்கொண்டன. 2003-இல் மும்பையில் மாநகராட்சி பஸ் மோதி இறந்த சைக்கிள்கார இளைஞர் ஒருவரின் வழக்கில், அவர் வந்த முறையும் தப்பு என்று உச்ச நீதிமன்றமே பங்கு கழித்தது.

பங்கு பிரிப்பது நியாயம்தான், பழைய விதியோடு ஒப்பிட்டால் கருணையும்கூட. ஆனால் பெரியப்பா வழக்கில் 25 எப்படி வந்தது என்பதற்குத் தீர்ப்பில் ஒரு வரி விளக்கம் இல்லை. பத்தாகவோ ஐம்பதாகவோ இல்லாமல் ஏன் இருபத்தைந்து? பத்து டன் பஸ்ஸின் இரண்டு ஹெட்லைட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன என்று அதே டிரைவர் சாட்சி சொல்லியிருக்கிறார். கட்டிய கழுதைக்குக் கிடைத்த அந்தக் கடைசி வாய்ப்பு நியாயம் பால்காரருக்குக் கிடைக்கவில்லை.

*

1994 திருத்தம் சட்டத்தோடு ஒரு அட்டவணையையும் கொடுத்தது. இரண்டாவது அட்டவணை. வயதை ஒரு பக்கமும் ஆண்டு வருமானத்தை மறுபக்கமும் பார்த்து, சந்திக்கிற கட்டத்தில் தொகையை எடுத்துக்கொள்ளலாம். என்னைப் போன்ற ஆளுக்கு இதைப் பார்த்தால் மனசு குளிரும். வாதம் இல்லை, மனநிலை இல்லை, எல்லாருக்கும் ஒரே விடை.

ஆனால் அட்டவணையில் கணக்கே தப்பு. 1996-இல் திரிலோக் சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது: முதல் கட்டத்தில் பெருக்குத்தொகை 15, வருமானம் 3,000 என்றால் வர வேண்டியது 45,000, அச்சாகியிருப்பது 60,000. இன்னொன்றில் 9,000-ஐ 16-ஆல் பெருக்கினால் 1,44,000, அட்டவணையில் இருப்பது 1,71,000. நானும் உட்கார்ந்து திருப்பிப் போட்டுப் பார்த்தேன். 60,000 வர வேண்டுமானால் 20-ஆல் பெருக்கியிருக்க வேண்டும், 1,71,000 வர 19-ஆல். யாரோ ஒரு பெருக்குத்தொகையில் கட்டங்களை நிரப்பிவிட்டு, வேறொரு பெருக்குத்தொகையைப் பக்கத்தில் அச்சடித்த மாதிரி இருக்கிறது. இந்தத் தப்போடு அந்த அட்டவணை சட்டப் புத்தகத்தில் 2018 வரை இருந்தது. வருமானமே இல்லாதவருக்கு வருஷத்துக்கு 15,000 என்று 1994-இல் எழுதிய கற்பனை வருமானமும் அப்படியே இருந்தது. விலைவாசிக்கு ஏற்ப மாற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருந்தும் மாற்றவில்லை. நாங்கள் ஒரு சாதாரண பில்லிங் மென்பொருளில் இப்படிப் பெருக்கல் பிழையை ஒரு வாரம் விட்டுவைத்தால் வாடிக்கையாளர் போனிலேயே கத்துவார்.

பெருக்குத்தொகை என்ற யோசனையும் இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். 1942-இல் நிலக்கரிச் சுரங்க விபத்து வழக்கொன்றில் ரைட் பிரபு வகுத்தது. ஆண்டு இழப்பை எடு, மீதமிருக்கும் வேலை ஆண்டுகளுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்கு. பணம் மொத்தமாக முன்கூட்டியே வருவதாலும், ஆயுசு நிச்சயமில்லாததாலும் அந்த எண் உண்மையான ஆண்டுகளைவிடக் குறைவாக இருக்கும். ஆளுக்கு ஆள், கோர்ட்டுக்குக் கோர்ட் வேறுபட்டுக்கொண்டிருந்த இந்த எண்ணை 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைப்படுத்தியது. இருபத்தைந்து வயதுவரை 18, பிறகு படிப்படியாக இறங்கி, 41-லிருந்து 45 வரை 14, அறுபத்தைந்துக்கு மேல் 5.

அது சாவு வழக்கு. காயத்துக்கு முக்கியமானது 2010-இல் வந்த ராஜ்குமார் எதிர் அஜய்குமார். எழுதியவர் நீதிபதி ரவீந்திரன். இதற்காக நான் வாசித்த தீர்ப்புகளிலேயே மிகத் தெளிவானது. டாக்டர் சொல்லும் சதவிகிதம் உடம்பைப் பற்றியது, பிழைப்பைப் பற்றியது அல்ல. இடது கை போன ஒருவர் தச்சராகவோ டிரைவராகவோ இருந்தால் அவர் பிழைப்பில் போனது கிட்டத்தட்ட நூறு சதவிகிதம். அவரே அரசாங்க குமாஸ்தா என்றால் வேலை அப்படியே தொடரலாம். ஆகவே தீர்ப்பாயம் கேட்க வேண்டியது, இந்த ஆள் முன்பு என்ன வேலை செய்தார், இந்த உடம்போடு இப்போது எதைச் செய்ய முடியும் என்பதுதான். அடுத்த வருஷம் ராமச்சந்திரப்பா வழக்கில், கூலி வேலை செய்பவர் வருமானச் சான்று காட்ட முடியாததாலேயே அவர் சொல்வதைத் தள்ளிவிடக்கூடாது என்று, மாதம் 4,500 என்று அவர் சொன்னதை உச்ச நீதிமன்றம் அப்படியே ஏற்றது.

பெரியப்பா தீர்ப்பு வந்தது 2001-இல். இதெல்லாம் பத்து வருஷம் பிந்திப்போனது. அப்போது சென்னை ஹைகோர்ட் வட்டாரத்தில் சதவிகிதத்துக்கு இவ்வளவு என்று போடுவதே வழக்கம். ஆயிரம், பிறகு இரண்டாயிரம், மூவாயிரம் என்று அந்த விலை ஏறிக்கொண்டு போனது. அரிசி விலை மாதிரி. அவர் மாதம் 2,400 சம்பாதித்ததாகச் சொல்லி, பென்சிலில் வீட்டு வாரியாகக் கணக்கெழுதிய ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்திருக்கிறார். மனுதாரர் தானே எழுதிக்கொண்டது, ஏற்பதற்கில்லை என்று 1,500 போட்டார்கள். சைக்கிள் மிதிக்க முடியாத பால்காரருக்கு 40 சதவிகிதம் என்பதற்கு என்ன அர்த்தம்? நாற்பது சதவிகிதம் வீடுகளுக்கு ஊற்றாமல் மீதி அறுபதுக்கு ஊற்றலாம் என்றா? அதே 1,500 ரூபாயை வைத்து, ராஜ்குமார் வழி பார்த்து, பிழைப்பு முழுதாகப் போனதாக எடுத்தால் ஆண்டுக்கு 18,000, பெருக்குத்தொகை 14, ஆக 2,52,000. அவருடைய நோட்டை நம்பியிருந்தால் 4,03,200. அவருக்குக் கிடைத்தது அந்தத் தலைப்பில் 40,000, அதிலும் கால் பங்கு கழிவு.

அப்பீல் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். "வந்தது போதும்" என்றுதான் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். அவரும்.

*

வந்ததா என்றால், அதுவும் சுலபமாக வரவில்லை.

தனியார் வண்டி என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிவிடும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் ஒரு விலக்கு வைத்திருக்கிறது, தனி நிதி வைத்துப் பராமரித்தால் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டியதில்லை. ஆகவே பணம் கழகத்தின் சொந்தப் பையிலிருந்து வர வேண்டும். நஷ்டத்தில் ஓடுகிற கழகத்தின் பை எப்படி இருக்கும்? தீர்ப்பு வந்தாலும் பணம் வராது. நிறைவேற்று மனுப் போட வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் கோர்ட் ஜப்தி உத்தரவு போடும், அமீனா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கையில் கிடைத்த ஒரு பஸ்ஸைப் பிடித்து நோட்டீஸ் ஒட்டுவார். 'நஷ்ட ஈடு வழங்காததால் அரசு பஸ் ஜப்தி' என்ற செய்தியைப் படிக்காமல் தமிழ்நாட்டில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. நான் சின்ன வயதில் அதை ஒரு ஜோக் மாதிரிதான் படித்தேன்.

2003-இல் பெரியப்பாவுக்காக ஒரு பஸ்ஸைப் பிடித்தார்கள். இடித்த பஸ் இல்லை, அது அதற்குள் எங்கே போனதோ. அன்றைக்கு அந்த நேரத்துக்குப் புறப்பட நின்ற ஏதோ ஒரு டவுன் பஸ். மனுதாரர் தரப்பில் யாராவது வர வேண்டும் என்று குமாஸ்தா சொல்லியனுப்ப, பெரியப்பா தடியை ஊன்றிக்கொண்டு போயிருக்கிறார். பெரியம்மாதான் இதைச் சொன்னார். அமீனா ஏறி விஷயத்தைச் சொன்னதும் ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். சந்தைக்கு வந்த கூடைக்காரப் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். யார் கேஸு, யார் கேஸு என்று கேட்டிருக்கிறார்கள். பெரியப்பா டீக்கடைக்குள் போய் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாராம். கண்டக்டர் அடையாளம் தெரிந்துகொண்டு பக்கத்தில் வந்து, "நீங்கதானுங்களா அது? கால் இப்ப பரவால்லீங்களா?" என்று கேட்டு, இவருக்கும் சேர்த்து டீ சொல்லியிருக்கிறார். அந்த டீயைப் பற்றி அவர் பலமுறை பேசியதாகப் பெரியம்மா சொன்னார். பஸ்ஸைப் பற்றிப் பேசவே மாட்டாராம்.

பத்து நாளில் கழகம் பணத்தை கோர்ட்டில் கட்டி பஸ்ஸை மீட்டுக்கொண்டது. ஆறு வருஷ வட்டி 31,185 சேர்த்து 88,935 ரூபாய். கேஸ் செலவு, வக்கீல் பங்கு எவ்வளவு போயிற்று என்று எழுத்தில் எங்கும் இல்லை.

கட்டில் கடைசியாக இருந்த செக் பெட்டிஷனை நான் முதலில் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. படிக்காத மனுதாரர்களை யாரும் ஏமாற்றிவிடக்கூடாது என்பதற்காக, இழப்பீட்டை தேசிய வங்கியில் நீண்டகால டெபாசிட்டாகப் போட்டு, வட்டியை மட்டும் எடுக்க விடுவது என்று ஒரு ஏற்பாடு. குஜராத் ஹைகோர்ட் ஆரம்பித்துவைத்த நெறிமுறை அது, 1994-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. நல்ல எண்ணம்தான். எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு இதையே போடாதீர்கள் என்று 2012-இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. பெரியப்பா பணமும் பாதி அப்படி முடங்கியது. முன்கூட்டி எடுக்க வேண்டுமானால் என்ன காரணம் என்று எழுதி கோர்ட்டின் அனுமதி வாங்க வேண்டும்.

ஆங்கிலத்தில் டைப் அடித்த இரண்டு பக்க மனு. மனுதாரர் இனி சைக்கிளில் சென்று பால் ஊற்ற இயலாத நிலையில் உள்ளார், ஆகவே வீட்டில் இருந்தபடியே கறந்து சொசைட்டிக்கு ஊற்ற ஒரு சிந்துக் கலப்புக் கறவை மாடு வாங்க உத்தேசித்துள்ளார், மாட்டின் விலை 11,500, விற்பவரின் சம்மதக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. கீழே பெரியப்பாவின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. மேலே சிவப்பு மையில் ஒரு சொல்லில் உத்தரவு: அனுமதிக்கப்பட்டது.

அந்த மாட்டை எனக்கு நன்றாகத் தெரியும். உதைக்கும்.